வன்னியில் ஓடும் வாகனத்தின் ஸ்பிறிங்குக்கு எந்தப் பெயின்ற் அடிக்கலாம்?

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு ஹாட்வெயார் கடைக்குப் போய், வாகனத்தின் ஸ்பிறிங்குக்கு அடிக்கப் பெயின்ற் வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு ரின் ரெட் ஒக்சைட் பிறைமரும் ஒரு ரின் கறுப்பு எனமலும் மேசைக்கு வரும். பிழையான தெரிவு என்று சொல்ல முடியாது. ஆனால் வாகனம் எங்கே ஓடுகிறது, என்ன ஏற்றுகிறது என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்டால் பல பேருக்கு வேறு ரின்தான் வாங்கவேண்டி வரும்.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். ஆகவே வீட்டில் நிற்கும் பழைய பட்டா லொறியும் ஹயஸ் வானும் இன்னும் பல வருசம் ஓடத்தான் வேண்டும். பொடிக்குப் பெயின்ற் அடிக்கக் காசு செலவழிக்கிற நாங்கள், பாரம் முழுவதையும் தாங்கும் ஸ்பிறிங்கைக் குனிந்து பார்ப்பதே இல்லை.

முதலில், வாகனம் எங்கே ஓடுகிறது?

ஸ்பிறிங்கின் பூச்சு மூன்று விதமாகக் கெடும். கல்லடி, உப்பு, உரசல்.

முத்தையன்கட்டு, அக்கராயன், துணுக்காய்ப் பக்கத்து உள்வீதிகளில் கிறவல்தான். சில்லு எறியும் கல் ஸ்பிறிங்கின் முகத்தில் நேராகப் படும். பூச்சில் ஊசிமுனை அளவு பெயர்ந்தால் போதும், அதற்குள் ஈரம் போய்ப் பக்கவாட்டில் கறள் படரும். வெளியே பார்க்கக் கறுப்பாகவே இருக்கும், நகத்தால் கிளறினால் தோலாக உரியும்.

முல்லைத்தீவு, நாயாறு, கொக்கிளாய், நாச்சிக்குடாக் கரையில் ஓடும் வாகனத்துக்கு உப்புத்தான் பிரச்சினை. கடற்காற்றை விடக் கொடியது மீன் வாகனத்தின் பின்பக்கம். ஐஸ் கரைந்த மீன் தண்ணீர் தட்டில் இருந்து ஒழுகி, நேரே பின் ஸ்பிறிங்கின் பிளேட்டுகளுக்கு இடையில் இறங்கும். தினமும் உப்பில் ஊறப் போட்டதற்குச் சமம்.

கடலே காணாத வயல் வாகனத்துக்கும் உப்பு உண்டு. பொட்டாஷ் உரம் என்று நாங்கள் வாங்கும் எம்ஓபி, பொட்டாசியம் குளோரைட். சாப்பாட்டு உப்பைப் போலவே அதிலும் குளோரைட் இருக்கிறது, இரும்பைத் தின்பது அதுதான். உரமூட்டை கிழிந்து தட்டில் கொட்டினால் கூட்டி விடுங்கள், மழைக்கு விட்டுக் கரைய வைக்காதீர்கள்.

ஜப்பானில் பாவித்து வந்த வாகனம் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். பனி கொட்டும் பகுதிகளில் அங்கே வீதிக்கு உப்புத் தூவுவார்கள். அப்படியான இடத்தில் ஓடிய வாகனம், எங்கள் கடற்கரையைப் பார்க்க முன்னமே அடியில் கறளோடுதான் வந்திறங்கும்.

மூன்றாவது உரசல். அது ஸ்பிறிங்கின் வகையைப் பொறுத்தது.

உங்கள் ஸ்பிறிங் எது?

பட்டாவுக்கு முன்னும் பின்னும், ஹயஸுக்குப் பின்னால், லொறிக்கும் பஸ்ஸுக்கும் இருப்பது பிளேட் ஸ்பிறிங். காருக்கும் ஓட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளின் பின் ஷொக்குக்கும் சுருள் ஸ்பிறிங். ஹயஸின் முன்பக்கம் நீளமான முறுக்குக் கம்பி ஒன்று இருக்கும், அதுவும் ஸ்பிறிங்தான். அதில் சும்மா ஒரு கீறலைக் கூடப் போட்டுவிடாதீர்கள்.

சுருள் ஸ்பிறிங் சுருங்கி விரிவதைப் பார்த்து, ரப்பர் மாதிரி இழுபடும் பெயின்ற் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தக் கம்பி நீளுவதில்லை, முறுகுகிறது. அதன் மேற்பரப்பில் ஏற்படும் மாற்றம் நூற்றில் ஒரு பங்கு அளவுதான். நல்ல எப்பொக்சிப் பெயின்ற் (ஹாட்னர் என்ற இறுக்கும் திரவத்தைக் கலந்து அடிப்பது) அதைத் தாங்கும். மெல்லியதாக அடித்தால் எனமலும் தாங்கும். தடிப்பாக அடித்தால் எதுவும் வெடிக்கும். சுருளில் முக்கியமாகப் பார்க்கவேண்டிய இடம் அடிச்சுற்று, அது கிண்ணத்தில் உட்காரும் இடம். மணலும் சேறும் அங்கே தங்கி, பூச்சை அரைத்து, ஈரத்தையும் பிடித்து வைக்கும். சுருள் ஸ்பிறிங் உடைவது அனேகமாக அந்த இடத்தில்தான்.

பிளேட் ஸ்பிறிங்கில் பிளேட்டும் பிளேட்டும் உரசும். உரசும் முகத்தில் எந்தப் பெயின்றும் நீடிக்காது. அதை வேறு விதமாகத்தான் காப்பாற்றவேண்டும், கீழே சொல்கிறேன்.

பெயின்ற் அடிக்கத் தகுதியான ஸ்பிறிங்கா?

கம்பிப் பிரஷால் தேய்த்துவிட்டு நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மேலோட்டமான கறள் பரவாயில்லை. நகம் மாட்டும் அளவுக்குக் குழி விழுந்திருந்தால் யோசிக்கவேண்டும். வெடிப்பு பெரும்பாலும் அப்படியான குழியில் இருந்துதான் ஆரம்பிக்கும், பெயின்ற் குழியை மூடும், ஆனால் பலத்தைத் திருப்பித் தராது. பிளேட்டில் நடு போல்ட் ஓட்டையைச் சுற்றியும் நுனியில் உள்ள கண் வளைவிலும் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மாற்றத்தான் வேண்டும். கழித்த பிளேட்டை எறியாதீர்கள், கொல்லன் பட்டறையில் அதற்கு எப்போதும் மதிப்பு உண்டு, நல்ல கத்தி ஆகும்.

மாறாக, தொழிற்சாலைப் பூச்சு முக்கால்வாசி நல்லாக இருந்தால் அதை உரிக்கவே வேண்டாம். சுருள் ஸ்பிறிங்கில் அது பெரும்பாலும் பாஸ்பேற் ஏற்றி அதன்மேல் எப்பொக்சிப் பவுடர் உருக்கிய பூச்சு. வீட்டு முற்றத்தில் நாங்கள் அடிக்கும் எதுவும் அதற்குக் கிட்டவும் வராது. பெயர்ந்த இடத்தை மட்டும் சுரண்டி, ஓரத்தைச் சான்ட் பேப்பரால் சரித்து, எப்பொக்சியால் ஒட்டுப் போடுங்கள்.

இவற்றைச் செய்யவேண்டாம்

பெயின்ற் தெரிவை விட இது முக்கியம், ஏனென்றால் இதில் தவறினால் போவது பெயின்ற் இல்லை, ஸ்பிறிங்.

கறள் எடுக்க அசிற் ஊற்றாதீர்கள். பற்றரி அசிற்றும் வேண்டாம், கழிவறை கழுவும் அசிற்றும் வேண்டாம். கேற்றுக்கும் யன்னல் கம்பிக்கும் அது சரிவரும். ஸ்பிறிங் இரும்பு மிகவும் கடினமாக்கப்பட்டது. அசிற் இரும்போடு சேரும்போது உண்டாகும் ஐதரசன் அந்தக் கடின இரும்புக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவந்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து, பாரம் ஏற்றி நிற்கும்போது சட்டென்று உடையும்.

குரோம் ஏற்றுவதிலும் நாகம் (சிங்க்) முலாம் பூசுவதிலும் இதே ஆபத்து உண்டு. முறையாகச் செய்யும் தொழிற்சாலைகளில் முலாம் பூசிய உடனேயே 200 பாகை செல்சியஸ் அளவில் சில மணி நேரம் சூடாக்கி அந்த ஐதரசனை வெளியேற்றுவார்கள். வீதியோரத்துக் குரோம் கடையில் அதை எதிர்பார்க்க முடியாது. உருக்கிய நாகத்தில் தோய்த்தெடுப்பது இன்னும் மோசம். அது 450 பாகை. ஸ்பிறிங்கின் பதத்தையே குழப்பும் சூடு.

வெல்டிங் கூடவே கூடாது. ஸ்பிறிங்கின் மேல் ஏர்த் கிளிப்பைக் கொளுவவும் விடாதீர்கள். தீப்பொறி பட்ட புள்ளி ஒரு வெடிப்பின் தொடக்கம். தட்டையாகிப்போன பிளேட்டைச் சூடாக்கி வளைத்துத் தருகிறோம் என்று சொல்லும் பட்டறையில், மறுபடி பதம் ஏற்றித் தருவார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் பெயின்றுக்கும் சேர்த்துக் காசை வீணாக்காதீர்கள். கிரைண்டரில் வெட்டுத் தட்டும் கல்லும் வேண்டாம், கம்பிக் கப் போதும்.

சரி, எந்த ரின்?

ரெட் ஒக்சைட்டும் எனமலும்: மலிவு, எங்கும் கிடைக்கும், தூரிகையால் அடிக்கலாம், பிழை விட்டாலும் திருத்தலாம். கல்லடிக்கு மென்மை, உப்புக்கு இன்னும் மென்மை. வருசா வருசம் மாரிக்கு முன் மறுபடி அடிக்கத் தயார் என்றால், உள்ளூரில் மட்டும் ஓடும் வாகனத்துக்கு இதில் குறை சொல்லமாட்டேன். ஒருமுறை அடித்துவிட்டு ஐந்து வருசம் மறந்திருக்கலாம் என்று நினைப்பவருக்கு இது வேண்டாம்.

எப்பொக்சிப் பிறைமர்: ஹாட்னர் கலந்து அடிப்பது, பெயின்ற் பாஸ்மார் ‘ரூ-கே’ என்பார்கள். இரும்பை இறுகப் பிடிக்கும், ஈரத்தை விடாது. வெயிலில் மாவாகும் குறை உண்டு, ஆனால் வாகனத்தின் அடியில் வெயில் எங்கே படுகிறது? வன்னியில் பெரும்பாலான வாகனங்களுக்கு என் தெரிவு இதுதான். இரண்டு பூச்சு எப்பொக்சி, அதன்மேல் ஒரு பூச்சு ஹாட்னர் கலந்த கறுப்புப் பொலியூரித்தேன். பொலியூரித்தேன் சற்று நெகிழ்ந்து கொடுக்கும், கல்லடியைத் தாங்கும்.

ஆனால் பொலியூரித்தேனின் ஹாட்னரில் ஐசோசயனேற் இருக்கிறது. அதை விசிறி அடிக்கும்போது மூச்சோடு உள்ளே போனால் ஆஸ்துமா வரலாம், வந்தால் லேசில் போகாது. துணி மாஸ்க் இதற்கு உதவாது. ஐசோசயனேற்றுக்கு ஏற்ற முகமூடி இல்லாதவர்கள் இந்த வேலையைப் பெயின்ற் பாஸிடம் விடுங்கள், அல்லது எப்பொக்சியின் மேல் சாதாரண செசிக் கறுப்பைத் தூரிகையால் அடித்துக்கொள்ளுங்கள். எப்பொக்சி ஹாட்னர் தோலில் படாமல் கையுறை போடவும் வேண்டும்.

நாகத்தூள் நிறைந்த சிங்க் பிறைமர்: மீன் வாகனத்துக்கும் கரையோர வாகனத்துக்கும் கூடுதல் செலவுக்குத் தகும். பூச்சில் கீறல் விழுந்தாலும் நாகம் முதலில் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். அதற்கு நாகம் வெறும் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கவேண்டும். கறளின் மேலோ வேறு பிறைமரின் மேலோ அடித்தால் அது வெறும் சாம்பல் நிறப் பெயின்ற். மணல் வீச்சு (காற்றழுத்தத்தால் மணலை அடித்துக் கறள் எடுப்பது) செய்ய வழி இருந்தால் மட்டும் இதற்குப் போங்கள். இதன்மேல் எனமலை நேரே அடிக்காதீர்கள், நாகத்தோடு சேராமல் நாளடைவில் உரிந்துவிடும். இடையில் எப்பொக்சி வரட்டும்.

பவுடர் கோட்டிங்: ஸ்பிறிங்கைக் கழற்றி, அடுப்பு உள்ள இடத்துக்குக் கொடுத்துவிடவேண்டும். 180 முதல் 200 பாகைக்குள் முடித்தால் ஸ்பிறிங்குக்குத் தீங்கில்லை. அதற்கு மேல் போகவேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். அசிற்றில் தோய்த்துக் கழுவவேண்டாம், மணல் வீச்சுப் போதும் என்றும் சொல்லுங்கள்.

தார் கலந்த அண்டர் கோட்டிங்கை மட்கார்ட்டின் உட்பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அசையும் ஸ்பிறிங்கில் அது ஓரத்தால் விடுபட்டு, தண்ணீரை உள்ளே வாங்கிப் பை மாதிரி வைத்திருக்கும். கழிவு எஞ்சின் ஒயில் அடிக்கும் பழக்கமும் அப்படித்தான். கறளைக் கொஞ்சம் தடுக்கும், உண்மை. ஆனால் எங்கள் புழுதி அதில் ஒட்டி அரைக்கும் பசையாகிவிடும், ரப்பர் புஷ்ஷும் ஊதிக் கெடும், வயலுக்கும் கிணற்றுக்கும் அது போய்ச் சேரும்.

எப்போது அடிப்பது?

ஐப்பசியில் மழை பிடித்தால் மார்கழி தாண்டும் வரை ஈரம்தான். ஆகவே ஓகஸ்ட், செப்ரெம்பர் நல்ல காலம். அந்த மாதங்களில் சோழகக் காற்றுப் புழுதியை அள்ளி வரும், கொட்டிலுக்குள் அல்லது படங்கு கட்டி மறைத்து அடிக்கவேண்டும். முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கிவிட்டுத் தொடங்குங்கள். காலையில் ஈரம் உலர்ந்த பிறகு, இரும்பு கை சுடும் முன் அடித்து முடிப்பது நல்லது. சுட்ட இரும்பில் பெயின்ற் குமிழி விடும்.

வேலை

வாகனத்தைச் சமதரையில் உயர்த்தி, ஜக்கை நம்பாமல் ஸ்ராண்டில் இருத்துங்கள். மண்தரை என்றால் ஸ்ராண்டுக்கு அடியில் தடித்த பனம்பலகை வைக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒரு கால் புதையும். பிளேட் செற்றை நீங்களே கழற்றலாம், உதவிக்கு இன்னொருவர் வேண்டும். காரின் முன் சுருளைப் பழக்கம் இல்லாதவர்கள் கழற்றாதீர்கள். சுருங்கி நிற்கும் ஸ்பிறிங் நழுவினால் உயிர் போகும். அதைக் கராஜில் கழற்றிக்கொண்டு வாருங்கள், பெயின்ற் வேலையை வீட்டில் செய்யலாம்.

பழைய கிறீஸையும் ஒயிலையும் முதலில் எடுக்கவேண்டும், அதன் பிறகுதான் கறள். ஒழுங்கை மாற்றினால் கிறீஸைக் கறள் குழிக்குள் தேய்த்து ஏற்றிவிடுவீர்கள். மண்ணெண்ணெயால் துடைத்து, சவர்க்காரத் தூள் கரைத்த நீரால் கழுவுங்கள்.

கழுவும் தண்ணீரை இங்கே கவனிக்கவேண்டும். கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர் நீர். அதில் கழுவிக் காயவிட்டால் உப்பைப் பூசி வைத்ததாகவே முடியும். பூச்சுக்கு அடியில் மாட்டிய உப்பு ஈரத்தை இழுத்து, சில மாதத்தில் கொப்புளம் போடும். ‘நல்ல பெயின்ற் அடித்தும் பொங்கிவிட்டது’ என்று வரும் குறை பலவற்றுக்குக் காரணம் இதுதான். குடிக்க ஏற்ற நன்னீரால், முடிந்தால் பிடித்து வைத்த மழைநீரால், கடைசிக் கழுவலைச் செய்யுங்கள். மீன் வாகனம் என்றால், கறள் எடுத்த பிறகு இன்னொரு முறை கழுவுங்கள், உப்புக் குழிக்குள் ஒளிந்திருக்கும். கழுவிய உடனே கொம்பிறசர் காற்றால் ஊதிக் காயவையுங்கள். ஒரு இரவு வைத்தாலே மஞ்சள் கறள் திரும்ப வந்துவிடும்.

கறள் எடுக்க மணல் வீச்சுத்தான் சிறந்தது. இல்லாவிட்டால் கம்பிக் கப், அதற்குப் பிறகு 80 நம்பர் சான்ட் பேப்பர், கம்பியின் நீளவாட்டில். குறுக்கே விழும் கீறல் வெடிப்புக்கு வழி. கம்பிக் கப்பை மட்டும் பாவித்தால் இரும்பு மினுங்கும், ஆனால் பெயின்ற் பிடிக்கச் சொரசொரப்பு இருக்காது, பேப்பரும் போடத்தான் வேண்டும்.

பழைய பெயின்ற் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதன்மேல் ரூ-கே அடிக்கலாமா? தின்னர் நனைத்த துணியை அதில் ஒரு நிமிசம் வைத்துப் பாருங்கள். கரைந்தோ சுருங்கியோ வந்தால் அது எனமல், முழுவதும் உரிக்கவேண்டும். அசையாமல் இருந்தால் தேய்த்துவிட்டு மேலே அடிக்கலாம்.

பிறேக் தட்டு, பிறேக் குழாய், ரப்பர் புஷ், ஷொக்கின் மினுங்கும் தண்டு எல்லாவற்றையும் பேப்பரும் ரேப்பும் போட்டு மூடுங்கள். ரின்னில் எழுதிய அளவிலேயே ஹாட்னர் கலக்கவேண்டும். கூட விட்டால் கெதியாகக் காயும் என்று நினைத்து ஊற்றினால் பூச்சு நொறுங்கும். எங்கள் சூட்டில் கலவை சீக்கிரம் இறுகும், ஆகவே சின்னச் சின்னதாகக் கலந்துகொள்ளுங்கள்.

முதலில் தூரிகையால் பிளேட்டின் ஓரங்களுக்கும் மூலைகளுக்கும் மட்டும் ஒரு தரம் இழுங்கள். கூரான ஓரத்தில் பெயின்ற் எப்போதும் மெலிந்துதான் நிற்கும், கறளும் அங்கிருந்துதான் தொடங்கும். பிறகு முழுவதற்கும். ஒரு பூச்சு 50 மைக்ரோன் அளவு, எல்லாம் சேர்ந்து 150ஐத் தாண்டத் தேவையில்லை. அடுத்த பூச்சை ரின்னில் சொன்ன இடைவெளிக்குள் அடியுங்கள். நாள் கடந்துவிட்டால் மறுபடி பேப்பர் போட்டுத்தான் அடிக்கவேண்டும். அடுத்த நாள் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் எப்பொக்சி முழுதாக இறுக ஏழு நாள் எடுக்கும். அதுவரை கிறவலில் இறக்காமல் இருந்தால் நல்லது.

பிளேட்டுகள் ஒன்றோடொன்று உரசும் முகங்களில் சிங்க் பிறைமர் மெல்லியதாக ஒரு பூச்சுப் போதும், காய்ந்த பிறகு கிராபைட் கிறீஸ் பூசி அடுக்குங்கள். பிளேட் செற்றை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட் இறுக்கும் இடத்திலும் தடித்த பெயின்ற் கூடாது. பாரத்தில் அது நசுங்கி, இறுக்கம் தளர்ந்து, நடு போல்ட் வெட்டுப்பட்டுப் போகும். யூ போல்ட்டைப் புதிதாகப் போட்டு, நாலு நட்டையும் மாறி மாறி இறுக்குங்கள். சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் திரும்பவும் இறுக்கிப் பார்க்கவேண்டும். பலர் மறக்கும் வேலை இது.

பிறகு

மீன் வாகனத்தை ஒவ்வொரு நாளும் இறக்கியபின் நன்னீரால் அடியைக் கழுவுங்கள். தட்டில் இருந்து ஒழுகும் தண்ணீருக்கு ஒரு குழாய் பொருத்தி, ஸ்பிறிங்குக்கு அப்பால் விழ வைத்தால் அரைவாசிப் பிரச்சினை முடிந்தது, இதற்கு எந்தப் பெயின்றையும் விடக் குறைந்த செலவு. சேர்விஸில் பிறஷர் தண்ணீரைப் பெயர்ந்த ஓரத்துக்கு மிகக் கிட்டப் பிடிக்கவேண்டாம் என்று பையனிடம் சொல்லுங்கள், மிச்சப் பூச்சையும் அது தூக்கிவிடும். மாரிக்கு முன்னும் மழை விட்ட பின்னும் ஒரு தரம் குனிந்து பார்த்து, பெயர்ந்த இடத்தைச் சுரண்டித் தொட்டுவிட்டால் முழு வேலையைத் திரும்பச் செய்யும் நாள் தள்ளிப்போகும். சுருளின் கிண்ணத்தில் தண்ணீர் வடியும் ஓட்டை இருந்தால் கம்பி விட்டுக் குத்தி விடுங்கள்.

புது ஸ்பிறிங் வாங்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். மாற்றுப் பாகமாகக் கடையில் கிடைக்கும் பிளேட்டுகள் பலவற்றில் இருப்பது, கப்பலிலும் களஞ்சியத்திலும் கறள் பிடிக்காமல் இருக்க அடித்த மெல்லிய கறுப்பு மட்டும். தின்னர் துணியால் துடைத்தாலே கையோடு வரும். பூட்டுவதற்கு முதல் அதைக் கழுவி எடுத்து எப்பொக்சி அடியுங்கள். கழற்றும் கூலியும் இல்லை, கறள் எடுக்கும் பாடும் இல்லை.